மங்கலா தெரியுற அந்த முகம்... குறுக்குவழியில எட்டிப் பார்க்கலாமா பாஸ்?

ராத்திரி பத்தரை மணி. ராசிங்காபுரத்துல உங்க வீட்டு மொட்டைமாடி. விடியக்காலையில ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஏறணும்னு அம்மா எப்பவோ தூங்கியாச்சு. கீழ ஒரு கோடு காட்டுற சிக்னல், மாடியில மூணு கோடு காட்டுது. அந்த நேரம் பார்த்து போன்ல ஒரு 'டிங்'.

'ஒருத்தருக்கு உங்களைப் பிடிச்சிருக்கு!'

அவ்வளவுதான், தூக்கம் போச்சு. டேட்டிங் ஆப்பைத் திறந்தா, கண்ணாடியில ஆவி படிஞ்ச மாதிரி மங்கலா ஒரு முகம். முடி கறுப்பு, டிரெஸ் மஞ்சள். அதுக்கு மேல ஒண்ணும் தெரியலை. 'யாருன்னு பார்க்கணுமா? பிரீமியத்துக்கு மாறுங்க'ன்னு கீழே ஒரு பட்டன். தொட்டா விலைப்பட்டியல்.

காசு கட்ட மனசு வராது. ஆனா, யாருன்னு தெரிஞ்சே ஆகணும். உடனே யூடியூப்ல தேடுவோம். 'ரெண்டே நிமிஷத்துல பிளர் எடுக்கலாம், ஃப்ரீ!' 'இந்த எக்ஸ்டென்ஷன் போட்டா கோல்டு இலவசம்!' வரிசையா வீடியோக்கள்.

நிறைய பேருக்கு அடுத்த கேள்வி, 'இது வேலை செய்யுமா?' என்பதுதான். செய்ததா, எப்படிச் செய்தது, இப்போது ஏன் பெரும்பாலும் செய்வதில்லை... எல்லாவற்றையும் பார்ப்போம். ஆனால், அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் குறுக்குவழி உண்மையிலேயே வேலை செய்தால், யாரோ ஒருவர் போனில் மங்கலாகத் தெரிகிற உங்க முகத்துக்கு என்ன ஆகும்?

மங்கலை ஏன் விக்கிறாங்க?

டிண்டர் 2012-ல் வந்தது. முதலில் எல்லாமே இலவசம். 2015-ல் டிண்டர் பிளஸ் என்ற கட்டணச் சேவை வந்தது. 2017-ல் வந்த டிண்டர் கோல்டுதான், 'உங்களை யார் லைக் செய்தார்கள்' என்பதைக் காசுக்குக் காட்ட ஆரம்பித்தது. பம்பிள் இதற்கு 'பீலைன்' என்று பெயர் வைத்தது. பெயர்தான் வேற, சரக்கு ஒண்ணுதான். உங்க ஆர்வத்தைத் தூண்டிவிட்டு, அந்த ஆர்வத்துக்கே விலை போடுவது.

விலையும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்காது. அமெரிக்காவில் டிண்டர் பிளஸுக்கு 30 வயதுக்குக் கீழே இருந்தால் 9.99 அல்லது 14.99 டாலர், அதைத் தாண்டினால் 19.99 டாலர் என்று வசூலித்ததை எதிர்த்து வழக்கு போட்டார்கள். வயதை வைத்து இப்படி விலை போடுவது கலிஃபோர்னியா சட்டத்துக்கு ஆகாது என்று 2018-ல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 'இவங்க மட்டும் யோக்கியமா?' என்று நமக்கு ஒரு கோபம் வருகிறதே, அது முழுக்கத் தப்பில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க. இந்த ஆப்களில் பேச்சு தொடங்க ரெண்டு பேரும் லைக் செய்யணும். அந்த மஞ்சள் டிரெஸ் ஏற்கெனவே உங்களுக்கு லைக் போட்டாச்சு. நீங்க போட்டிருக்கும் வயது, தூர ஃபில்டருக்குள் அவர் வருகிறார் என்றால், வழக்கமான வரிசையிலேயே என்றாவது உங்க முன்னால் வர வாய்ப்பு இருக்கிறது. அப்போது பிடித்திருந்தால் நீங்களும் லைக் போடுங்க, முடிஞ்சது. ஆப் உங்ககிட்ட விற்பது அந்த நபரை இல்லை. காத்திருக்க முடியாத உங்க அவசரத்துக்குத்தான் அங்கே விலை.

போடியில் ஏலக்காய் ஏலம் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாம்பிள் காயைக் கையில் கொட்டி, நிறம், பருமன் பார்க்காமல் எந்த வியாபாரியும் மூட்டைக்கு விலை சொல்ல மாட்டார். டேட்டிங் ஆப் மட்டும்தான் சாம்பிளையே மங்கலாக்கி வைத்துவிட்டு மூட்டைக்குக் காசு கேட்கும்!

மங்கலில் ரெண்டு வகை இருக்கு

போடிமெட்டில் காலையில் பனிமூட்டம் பார்த்திருப்பீங்க. முன்னால் ரோடு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பனி விலகினால் ரோடு அப்படியே இருக்கும். முதல் வகை மங்கல் அந்த மாதிரி.

அந்த நபரின் முழுப் போட்டோவையும் ஆப் உங்க பிரவுசருக்கு அனுப்பிவிடும். 'இதை மங்கலாகக் காட்டு' என்று கூடவே ஒரு வரிக் கட்டளை இருக்கும். போட்டோ ஏற்கெனவே உங்க கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது, மேலே ஒரு திரை போட்டிருக்கிறது, அவ்வளவுதான். டிண்டர் 2017-ல் பிரவுசரிலும் பயன்படுத்தலாம் என்று வசதி கொடுத்தது. பிரவுசரில், ஒரு பக்கம் எப்படி உருவாகியிருக்கிறது என்று பார்க்க டெவலப்பர் கருவிகள் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் அதைத் திறந்து, அந்த ஒரு வரியை அழித்து, திரையை விலக்கினார்கள். யூடியூப் வீடியோக்களுக்கெல்லாம் தாத்தா இந்த வித்தைதான்.

இரண்டாவது வகையில், போட்டோவை நிறுவனத்தின் சர்வரிலேயே மங்கலாக்கி, அந்த மங்கல் படத்தை மட்டும் அனுப்புவார்கள். இது சுவரில் பனிமூட்டத்தைப் பெயின்ட் அடித்து வைத்த மாதிரி. எவ்வளவு நேரம் துடைத்தாலும் பின்னால் ரோடு இல்லை. முதல் வகையின் ஓட்டை ஊருக்கே தெரிந்த பிறகு ஆப்கள் போய்ச் சேர்ந்தது இந்த வழிக்குத்தான். பழைய வீடியோவில் சொன்னதைச் செய்து பார்த்து, 'எனக்கு வரலையே ப்ரோ' என்று கீழே கமென்ட் போடுவதற்குக் காரணம் இதுதான்.

இதே கதைதான் மற்ற குறுக்குவழிகளுக்கும். 'ஒரு நாளைக்கு இத்தனை லைக்தான்' என்ற கணக்கை உங்க போன் வைத்திருந்தால் ஏமாற்றலாம், சர்வர் வைத்திருந்தால் முடியாது. பிரவுசரில் இருப்பிடத்தை மாற்றிக் காட்டி, ராசிங்காபுரத்தில் உட்கார்ந்துகொண்டு 'சென்னையில் இருக்கேன்' என்று சொல்ல முடியும். ஆனால் மேட்ச் ஆனவர், 'நாளைக்கு பெசன்ட் நகர் வர்றீங்களா?' என்று கேட்டால் என்ன சொல்வீங்க? போடியிலிருந்து ராத்திரி ரயில் பிடித்துப் போவீங்களா?

ஏஐ துடைத்துத் தரும் முகம் யாருடையது?

திரையை விலக்க முடியவில்லை என்றதும் அடுத்து வந்த வித்தை, 'மங்கல் படத்தை ஏஐ தளத்தில் போடுங்க, தெளிவாக்கித் தரும்' என்பது. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால், இந்த ஏஐ எதையும் துடைப்பதில்லை. தொலைந்துபோன விவரத்தை எந்த இயந்திரத்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. 'இந்த மங்கலுக்குள் எந்த மாதிரி முகம் பொருந்தும்' என்று ஊகித்துப் புதிதாக ஒரு முகத்தை அது வரைகிறது.

2020-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'பல்ஸ்' என்று ஒரு கருவியை வெளியிட்டார்கள். தெளிவில்லாத முகத்தை அது தெளிவான முகமாக்கும். ஒருவர் அதில் ஒபாமாவின் மங்கல் படத்தைப் போட்டார். வந்தது ஒரு வெள்ளைக்காரரின் முகம்! உலகமே அறிந்த முகத்துக்கே அந்தக் கதி.

இதை நம்ம ஊருக்கு எடுத்துட்டு வாங்க. மங்கல் படத்தை ஏஐ 'தெளிவாக்குது'. வந்த முகம் அடுத்த தெருவில் இருக்கும் ஒரு பெண்ணின் சாயலில் இருக்கிறது. நீங்க அதை உங்க மாப்ளைக்கு அனுப்புறீங்க, அவன் குரூப்பில் போடுறான். 'அடேய், இது அவங்க வீட்டுப் பொண்ணுல்ல?' சாயங்காலத்துக்குள் டீக்கடை வரை பேச்சு போய்விடும். அந்தப் பெண்ணின் போனில் அப்படி ஒரு ஆப்பே இல்லாமல் இருக்கலாம். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அவர் காலேஜ் போவது நிற்கலாம், கையில் இருந்த போன் பறிபோகலாம், அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்க்கலாம். இல்லாத ஒரு முகத்துக்காக, இருக்கும் ஒருத்தர் தண்டனை அனுபவிப்பார்.

உள்ளே போன ஓட்டை வழியா வெளியேயும் எடுக்கலாம்

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். குறுக்குவழி உண்மையாகவே வேலை செய்தால்?

அப்படி ஒரு முறை நடந்தது. 2020-ல் இண்டிபெண்டன்ட் செக்யூரிட்டி எவால்யுவேட்டர்ஸ் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர் சஞ்சனா சர்தா, பம்பிளை அலசினார். மொபைல் ஆப்பில் இருந்த லைக் வரம்பு, பிரவுசர் வழியாகப் போனால் இல்லை. காசு கட்டினால் மட்டும் கிடைக்கும் சில வசதிகளும் இப்படியே திறந்தன. காரணம், 'இவர் காசு கட்டியவரா?' என்று சர்வர் சரியாகச் சோதிக்கவே இல்லை.

இதோடு நின்றிருந்தால் சந்தோஷச் செய்திதான். ஆனால், 'கேட்பவர் யார்?' என்று சோதிக்காத சர்வர், மற்றவர்கள் தகவலைக் கேட்டாலும் கொடுத்தது. பம்பிளில் இருந்த ஏறக்குறைய 9.5 கோடி பேரின் விவரங்களை எடுக்க முடிகிற நிலை. அவர்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள், என்ன மாதிரித் துணை தேடுகிறார்கள் என்பதெல்லாம் அதில் அடக்கம். 2020 மார்ச்சில் நிறுவனத்துக்குத் தகவல் சொன்னார். பல மாதம் கழித்து நவம்பரில்தான் ஓட்டைகள் பெருமளவு அடைபட்டன. பயனாளர் தகவல் எதுவும் களவு போகவில்லை என்று பம்பிள் சொன்னது.

புரியுதா பாஸ்? காசு கட்டாமல் உள்ளே நுழைய ஒரு ஓட்டை இருந்தால், அது உங்களுக்காக மட்டும் போட்ட ஓட்டை இல்லை. அதே வழியாக வேற யாரோ உங்க பக்கமும் வரலாம்.

இந்தத் 'தூரம்' இருக்கிறதே, அது சின்ன விஷயம் இல்லை. 2014-ல் இன்க்ளூட் செக்யூரிட்டி என்ற நிறுவனம், டிண்டரில் தாங்கள் கண்டுபிடித்த ஒரு ஓட்டையை வெளியிட்டது. திரையில் 'ஒரு மைல்' என்று உருட்டிச் சொன்ன ஆப், உள்ளுக்குள் மிகத் துல்லியமான தூரத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. மூன்று இடங்களிலிருந்து ஒருவரின் தூரம் தெரிந்தால், மூன்று வட்டம் போட்டு அவர் நிற்கும் புள்ளியைக் கண்டுபிடிக்கலாம். பத்தாம் வகுப்புக் கணக்குதான். 2021-ல் ராபர்ட் ஹீட்டன் என்ற மென்பொறியாளர், பம்பிளில் இதே மாதிரி ஒரு வழியைக் காட்டினார். 2024-ல் பெல்ஜியத்தின் கே.யு. லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 15 டேட்டிங் ஆப்களைச் சோதித்ததில், பம்பிள், ஹிஞ்ச், படூ, ஹேப்பன், ஹிலி, கிரைண்டர் ஆகிய 6 ஆப்களில் ஒருவரின் இடத்தைக் கிட்டத்தட்டத் துல்லியமாகக் கண்டுபிடிக்க முடிந்தது. சிலவற்றில் 2 மீட்டர் வரை நெருங்கலாம். தகவல் சொன்ன பிறகு அந்த நிறுவனங்கள் மாற்றம் செய்தன.

சென்னை வேளச்சேரியில் 'ஒரு கிலோமீட்டர்' என்றால் ஆயிரக்கணக்கான வீடுகள். அதற்குள் ஒளிந்துகொள்ளலாம். ராசிங்காபுரத்தில் ஒரு கிலோமீட்டர் என்றால் ஊரே முடிந்துவிடும். அதற்குப் பிறகு காடு, தோட்டம். இங்கே ஹேக்கர் வர வேண்டிய அவசியமே இல்லை. '24 வயது, டிகிரி முடிச்சவர், ஒரு கிலோமீட்டர்' என்ற மூன்று குறிப்பு போதும், பக்கத்து வீட்டு அத்தை ஆளைச் சொல்லிவிடுவார். ஒருபால் ஈர்ப்பு உள்ளவர்கள், சாதி தாண்டிப் பழகுபவர்கள் போன்றோருக்கு இந்தத் தகவல் வெளியே போனால் கேலியோடு முடியாது. மிரட்டல், அடி என்று போகும். அவர்களுக்கு அந்த மங்கல்தான் பாதுகாப்பு. நமக்கு எரிச்சல் தரும் திரை, இன்னொருத்தர் கதவு.

ஃப்ரீயா கிடைக்கணும்னா சாவியைக் கொடுக்கணும்

சரி, பழைய வித்தைகள் ஓடாது என்றால், இத்தனை வீடியோவும் எக்ஸ்டென்ஷனும் ஏன் இன்னும் சுற்றுகின்றன? ஏனென்றால் சிலவற்றில் சரக்கே நீங்கதான்.

கோயில் வாசலில் செருப்பு விட்டால் ஒரு டோக்கன் தருவார்கள். யார் அந்த டோக்கனைக் காட்டினாலும் செருப்பைக் கொடுத்துவிடுவார்கள். உங்க முகத்தையா பார்க்கிறார்கள்? நீங்க ஆப்பில் லாகின் செய்ததும், சர்வர் உங்க பிரவுசருக்கு இதே மாதிரி ஒரு டோக்கனைத் தருகிறது. அது யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் நீங்க. பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். அந்த டோக்கனைக் கவர நாலு வழிகள் உண்டு.

1. 'இந்தக் கோடை ஒட்டுங்க': டெவலப்பர் கருவியில் கன்சோல் என்ற இடத்தில் பத்து வரி கோடை காப்பி செய்து ஒட்டச் சொல்வார்கள். படித்துப் புரியாத கோடை அங்கே ஒட்டுவது, எழுதாத பத்திரத்தில் கையெழுத்து போடுவதற்குச் சமம். டோக்கனை எடுத்து வேறு இடத்துக்கு அனுப்ப ஒரு வரி போதும். இந்த ஏமாற்று அவ்வளவு பழசு என்பதால்தான், ஃபேஸ்புக் பக்கத்தில் கன்சோலைத் திறந்தாலே 'நிறுத்துங்க!' என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கும். குரோமும் முதல் முறை ஒட்டும்போது தடுத்துக் கேட்கும். அந்த எச்சரிக்கையைத் தாண்டுவது எப்படி என்பதையும் வீடியோக்காரரே சொல்லித் தருவார் என்பதுதான் வேடிக்கை.

2. எக்ஸ்டென்ஷன்: 'எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்கிறதா? அப்படியென்றால் டேட்டிங் தளத்தை மட்டும் இல்லை, உங்க மெயில், பேங்க் பக்கம் எல்லாவற்றையும் அது படிக்கும். இன்றைக்கு நல்லதாக இருப்பது நாளைக்கும் நல்லதாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற எக்ஸ்டென்ஷனை 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நம்பிப் பயன்படுத்தினார்கள். 2020-ல் கை மாறியது. 2021 பிப்ரவரியில், அதில் தீங்கான கோடு இருப்பதாகச் சொல்லி கூகுளே நீக்கியது.

3. மோட் ஏபிகே: நம்மில் பலரிடம் லேப்டாப் கிடையாது, எல்லாமே போன்தான். அதனால் 'கோல்டு அன்லாக் செய்த ஆப்' என்று டெலிகிராமில் வரும் ஏபிகே ஃபைல்தான் கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. யாரோ பிரித்து, எதையோ சேர்த்து, மறுபடி தைத்த மூட்டை அது. எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்தால் உங்க பேங்க் ஓடிபியையும் அது படிக்கும். மஞ்சள் டிரெஸ் யாரென்று பார்க்கப் போய், அம்மாவின் சம்பளம் போட்ட கணக்கு காலியாக வேண்டுமா?

4. பிரவுசிங் சென்டர்: ரெஸ்யூமே பிரின்ட் எடுக்கப் போன இடத்தில், 'பெரிய ஸ்கிரீன்ல ட்ரை பண்ணிப் பார்ப்போமே' என்று லாகின் செய்துவிட்டு, லாக் அவுட் செய்யாமல் எழுந்து வந்தால், அடுத்து அந்தச் சேரில் உட்காருபவர் கையில் உங்க டோக்கன். உங்க சாட், போட்டோ எல்லாம் அவருக்கு. அவர் உங்க சித்தப்பாவாகவும் இருக்கலாம்!

திரைக்குப் பின்னால் ஆள் இருக்காங்களா?

இன்னொரு பக்கமும் பார்த்துடுவோம். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2019-ல் மேட்ச் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. டிண்டர், ஹிஞ்ச், ஓகேகியுபிட் எல்லாம் அந்தக் குழுமத்தைச் சேர்ந்தவைதான். மேட்ச் டாட் காம் தளத்தில், மோசடிக் கணக்கு என்று நிறுவனமே சந்தேகித்தவர்களிடமிருந்து வந்த செய்திகளை வைத்தும், 'ஒருத்தருக்கு உங்க மேல ஆர்வம்' என்று மெயில் அனுப்பி சந்தா கட்ட வைத்தார்கள் என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. 2016 ஜூன் முதல் 2018 மே வரை, அப்படிப்பட்ட மெயில் வந்த 24 மணி நேரத்துக்குள் வாங்கப்பட்ட சந்தாக்கள் ஏறக்குறைய 5 லட்சம் என்று கமிஷன் கணக்குச் சொன்னது. நிறுவனம் மறுத்தது. கடைசியில் 2025-ல் 1.4 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

ஆக, காசு கட்டிப் பார்த்தாலும் சரி, குறுக்குவழியில் பார்த்தாலும் சரி, திரைக்குப் பின்னால் ஒரு மோசடிக்காரர் உட்கார்ந்திருக்கலாம். கஷ்டப்பட்டுத் திரையை விலக்கியவருக்கு, 'நானே கண்டுபிடிச்சேன்' என்ற பெருமையில் அந்த முகத்தின் மீது நம்பிக்கை கூடுதலாக வரும். அதுதான் அவர்களுக்கு வேண்டியது.

மாட்டினால் என்ன ஆகும்?

எளிய விளைவு, கணக்கு முடக்கம். ஸ்கிரிப்ட் ஓட்டுவது, ஆப்பைப் பிரித்து மாற்றுவது எல்லாம் விதிமுறைப்படி தடை. கணக்கை மூடினால் ஏற்கெனவே கட்டிய சந்தாவும் திரும்ப வராது.

சட்டத்தையும் தெரிஞ்சுக்கோங்க. கணினியில் இருந்து அனுமதியில்லாமல் தகவல் எடுப்பது பற்றித் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் பேசுகின்றன. தண்டனை 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்தவர் பாஸ்வேர்டு, அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் 66சி. ஒரு பெண்ணின் இணைய நடவடிக்கையைக் கண்காணித்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ம் பிரிவு பின்தொடர்தல் குற்றத்தில் வரும். 'சும்மா ஆர்வத்துல பார்த்தேன் சார்' என்பது ஸ்கிரீன்ஷாட்டை குரூப்பில் போட்ட பிறகு எடுபடாது.

காசும் கொடுக்காம, சாவியும் கொடுக்காம...

* ஃபில்டரைச் சுருக்கிவிட்டுப் பொறுமையாக ஸ்வைப் பண்ணுங்க. லைக் போட்டவர் எதிரில் வர அதுவே இலவச வழி.
* ஹிஞ்ச் போன்ற ஆப்களில், வந்த லைக்குகளை இலவசக் கணக்கிலேயே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். மொத்தமாகப் பார்க்கத்தான் காசு. அப்படிப்பட்ட ஆப்பைத் தேர்ந்தெடுங்க.
* பார்த்தே ஆகணும் என்றால் குறைந்த நாள் பிளானைப் பிளே ஸ்டோர் வழியாக எடுத்துவிட்டு, அன்றைக்கே 'தானாகப் புதுப்பித்தல்' என்பதை ரத்து செய்யுங்க. ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தால் சந்தா நிற்காது. யூபிஐ ஆட்டோபே போய்க்கொண்டே இருக்கும். டெலிகிராமில் யாரோ 'பாதி விலைக்கு கோல்டு' என்றால் அந்தப் பக்கமே போகாதீங்க.
* போன் செட்டிங்கில் அந்த ஆப்புக்கு 'துல்லியமான இடம்' அனுமதியை எடுத்துவிட்டு, 'தோராயமான இடம்' மட்டும் கொடுங்க. ஆண்ட்ராய்டு 12 முதல் இந்த வசதி உண்டு, ஐபோனிலும் உண்டு. சின்ன ஊர்க்காரர்களுக்கு இது முதல் வேலை.
* வாட்ஸ்அப் டிபியில் இருக்கும் அதே போட்டோவை டேட்டிங் ஆப்பில் போடாதீங்க. பின்னணியில் வீட்டு வாசல், ஊர்ப் பலகை, காலேஜ் ஐடி கார்டு வேண்டாம்.

ஐயோ, ஏற்கெனவே செஞ்சுட்டேனே!

பதறாதீங்க. முதலில் அந்த எக்ஸ்டென்ஷனையோ ஏபிகேவையோ நீக்குங்க. டேட்டிங் கணக்கில் லாக் அவுட் செய்து மறுபடி லாகின் செய்யுங்க. அதோடு இணைத்திருக்கும் கூகுள், ஃபேஸ்புக் கணக்குகளில் 'உங்கள் சாதனங்கள்' பகுதிக்குப் போய், தெரியாத போன் எதுவும் இருந்தால் வெளியேற்றி, பாஸ்வேர்டை மாற்றி, இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடுங்க. ஏபிகே போட்டிருந்தால், பேங்க் பாஸ்வேர்டையும் யூபிஐ பின்னையும் வேறொரு போனில் இருந்து மாற்றுவது நல்லது.

பணம் போயிருந்தால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்க. எவ்வளவு சீக்கிரமோ, அவ்வளவு பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு. போட்டோவை, சாட்டை வைத்து யாராவது மிரட்டினால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீங்க. ஒரு தடவை கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய சைபர் கிரைம் போர்ட்டலிலோ, தேனி மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் கொடுங்க. 'டேட்டிங் ஆப்ல இருந்தேன்னு வீட்டுக்குத் தெரிஞ்சுடுமே' என்ற பயம்தான் மிரட்டுபவரின் மூலதனம். வயது வந்தவர் டேட்டிங் ஆப் பயன்படுத்துவது குற்றம் இல்லை, மிரட்டுவதுதான் குற்றம். நம்பிக்கையான அக்காவோ, அண்ணனோ, ஃபிரெண்டோ ஒருத்தரிடம் முதலில் சொல்லிடுங்க. பாதி பாரம் அங்கேயே இறங்கிடும்.

அந்த ஆர்வத்துக்கு வேற விலை இருக்கு

கடைசியா ஒண்ணு. 'இந்த மங்கலுக்குப் பின்னால என்ன கோடு ஓடுது?' என்று உண்மையிலேயே உங்களுக்கு ஆர்வமா? அது நல்ல ஆர்வம். பம்பிளின் தூர ஓட்டையைக் கண்டுபிடித்த ராபர்ட் ஹீட்டன், தன் சோதனையைத் தன் கணக்குகளுக்குள்ளேயே செய்துவிட்டு, நிறுவனத்திடம் சொன்னார். 2,000 டாலர் பரிசு கிடைத்தது. நம்ம சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா, இன்ஸ்டாகிராம் கணக்குகளைக் கைப்பற்றும் ஒரு ஓட்டையை 2019-ல் கண்டுபிடித்துச் சொல்லி 30,000 டாலரும், 2021-ல் மைக்ரோசாஃப்ட் ஓட்டை ஒன்றுக்கு 50,000 டாலரும் வாங்கினார். அனுமதி கொடுக்கும் பக் பவுண்டி திட்டங்களில் சேர்ந்து, விதிமுறைக்குள் தேடினால் ஓட்டை பார்க்கும் கண்ணுக்கு மரியாதை, காசு ரெண்டும் உண்டு.

இப்போ மறுபடி மொட்டைமாடிக்கு வாங்க. அந்த மஞ்சள் டிரெஸ் இன்னும் மங்கலாத்தான் இருக்கு. அது போடியில் இருக்கும் ஒருத்தராக இருக்கலாம், தேவாரத்துக்காரராக இருக்கலாம். அவரும் இப்படி ஒரு மாடியில், வீட்டுக்குத் தெரியாமல், 'நம்ம போட்டோ எவன் கையிலயும் சிக்கிடக் கூடாதே' என்று யோசித்துக்கொண்டுதான் லைக் போட்டிருப்பார். அந்தத் திரையை அவர் உங்களுக்காக விலக்கட்டும், நீங்களா கிழிக்காதீங்க. வரிசையில் வந்தால் ஸ்வைப் பண்ணுங்க. வரலைன்னா... காலையில் ஜீப் சத்தத்துக்கு முழிக்கணும், போய்த் தூங்குங்க பாஸ்!